பதில் வரவில்லையே, மறுபடி எப்படிக் கேட்பது? ஸ்பானிய மொழி கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பலவற்றுக்கு ஒரே கவலை: ஸ்பானிய மொழியில் ஒருவருக்கு எழுதியாயிற்று, பதில் இல்லை, அவர் மனம் கோணாமல் மறுபடி எப்படிக் கேட்பது? எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது. ஆம்பூரில் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் 24 ஆண்டுகள் ஸ்பெயின் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதும் மேசையில் இருந்தேன். முதல் கடிதத்தைவிட நினைவூட்டல் கடிதங்களையே அதிகம் எழுதியிருக்கிறேன். இப்போது வேலூரில் நடத்தும் மாலை வகுப்பிலும் இதற்கென்று ஒரு மாதம் முழுவதும் ஒதுக்குகிறேன்.

படிப்பதற்கு ஒரு குறிப்பு. ஸ்பானியத் தொடர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ‘ந்த’ என்று இருந்தால் ‘பந்து’ என்பதில் போல மென்மையாகப் படியுங்கள். ‘ன்த’ என்று இருந்தால் ‘த’வை அழுத்திப் படியுங்கள்.

ஸ்பெயினின் எல்ச்சேயில் உள்ள வாடிக்கையாளருக்குக் காலணி மாதிரிகள் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை. ‘உஸ்தெத் நோ ஆ கொன்தெஸ்தாதோ மி கொர்ரேஓ’ என்று எழுதி, இரண்டு இடங்களில் ‘போர் ஃபவோர்’ (தயவுசெய்து) சேர்த்தேன். மேலாளர் படித்துவிட்டு இது முரட்டுத்தனமாக இருக்கிறது என்கிறார். இலக்கணம் சரிதானே? எங்கே தவறினேன்?
— வாசகர், ஆம்பூர்

இலக்கணம் சரி. தவறு எழுவாயில் இருக்கிறது. ‘நீங்கள் என் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவில்லை’ என்று தொடங்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு எத்தனை ‘போர் ஃபவோர்’ வைத்தாலும், விரலை நீட்டிக் குற்றம் சொல்லிவிட்டு வணக்கம் போடுவது போலத்தான் இருக்கும்.

இதே வாக்கியத்தை 1996-இல் நான் எழுதியிருக்கிறேன். அலிகான்தே மாகாணத்தில் எல்ச்சே, எல்தா என்ற இரண்டு ஊர்களும் காலணித் தொழிலுக்குப் பேர்போனவை. எல்தாவில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்குத் தொலைநகல் அனுப்பினேன். ஆங்கில மாதிரிக் கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஸ்பானியம் ஆக்கிய கடிதம் அது. ‘நீங்கள் பதில் தரவில்லை’ என்று தொடங்கி, ‘சீர்வாசே’ என்று அரசு அறிவிப்பில் வருகிற கட்டளைச் சொல்லோடு முடித்திருந்தேன். மறுநாள் அந்த அலுவலகத்தின் கடிதப் பிரிவு அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. “வெள்ளிக்கிழமையே பதில் அனுப்பினேனே. இயந்திரம் ‘அனுப்பியாயிற்று’ என்று சீட்டும் தந்ததே. நான் என்ன தவறு செய்தேன்?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் தொலைநகல் தாள் தீர்ந்து போயிருந்தது. அவர் செய்யாத தவறை அவர்மேல் ஏற்றி, அதைக் கடிதமாகவும் அனுப்பியிருந்தேன். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்த அம்மாளே பிறகு எனக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தார்: ‘ஆஊன் நோ மே ஆ யெகாதோ ரெஸ்புவெஸ்தா.’ எனக்கு இன்னும் பதில் வந்து சேரவில்லை. கேட்டவுடன், இது நம் தமிழ் ஆயிற்றே என்று தோன்றியது. நாமும் ‘எனக்குக் கிடைக்கவில்லை’, ‘எனக்கு வரவில்லை’ என்றுதான் சொல்கிறோம். வந்து சேர வேண்டியது கடிதம். நான் ‘கு’ உருபு ஏற்று ஓரமாக நிற்கிறேன். எதிராளி வாக்கியத்திலேயே இல்லை. ஸ்பானியத்தில் அந்த ‘மே’ நம்முடைய ‘எனக்கு’. ‘மே குஸ்தா’ என்றால் ‘எனக்குப் பிடிக்கிறது’ என்று முதல் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அதே அமைப்புதான் இதுவும்.

இதைப் பணிவுக்காகப் போடும் வேடம் என்று எண்ணாதீர்கள். இதுதான் உண்மையான வாக்கியம். அவர் எழுதினாரா, எழுதவில்லையா, எழுதியது எங்கே போயிற்று என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உங்கள் கைக்கு வரவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதினால் பணிவு தானாக வந்துவிடுகிறது.

இன்னொரு சொல்லையும் தருகிறேன்: ‘திராஸ்பப்பெலாதோ’. இதற்குள் ‘பப்பேல்’, அதாவது காகிதம், இருக்கிறது. ஒரு தாள் வேறு தாள்களுக்கு நடுவே புகுந்து கண்ணில் படாமல் போவதற்கு என்றே ஸ்பானியம் ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறது. ‘போர் சி சே ஆ திராஸ்பப்பெலாதோ’ என்றால், ஒருவேளை தாள்களுக்கிடையில் மறைந்து போயிருந்தால் என்று பொருள். மறைந்தது கடிதம், யாரும் அதை மறைக்கவில்லை. மறந்தே போனவருக்கும் தலை நிமிர்ந்து பதில் எழுத ஒரு வழி திறந்துவிடுகிறது. மின்னஞ்சலுக்கும் இதைத் தயங்காமல் எழுதுகிறார்கள்.

உங்கள் கடிதத்தை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

‘எஸ்திமாதா செஞோரா:
லே எஸ்கிரீவோ என் ரெலசியோன் கோன் லாஸ் முவெஸ்த்ராஸ் கே என்வியாமோஸ் எல் 4 தே மார்சோ. கெரீஆ சபேர் சி லே ஆன் யெகாதோ பியென். போர் சி மி கொர்ரேஓ சே ஆ திராஸ்பப்பெலாதோ, லோ அத்ஹூன்தோ தே நுவேவோ.’

மார்ச் 4 அன்று அனுப்பிய மாதிரிகள் தொடர்பாக எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தனவா என்று அறிய விரும்பினேன். என் மின்னஞ்சல் எங்கேனும் மறைந்திருக்கக்கூடும் என்பதால் மறுபடி இணைத்திருக்கிறேன். இதற்குக் கீழே ஒரே ஒரு காரணம், ஒரே ஒரு தேதி: தோல் வாங்க வேண்டியிருக்கிறது, ஏப்ரல் 20-ஆம் தேதிக்குள் அளவுகள் உறுதியானால் நல்லது. ‘உர்ஹென்தே’, அதாவது அவசரம், என்ற சொல்லைத் தலைப்பில் போடாதீர்கள். அது உங்கள் பதற்றத்தைக் காட்டுமே தவிர, அவர் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாது. தேதி சொல்லும்.

விளித்த பிறகு இரட்டைப் புள்ளி வைத்திருப்பதையும் கவனியுங்கள். ஸ்பானியக் கடிதத்தில் அங்கே காற்புள்ளி கிடையாது. ஆங்கிலக் கடிதம் எழுதிய கை பழக்கத்தில் காற்புள்ளி வைத்துவிடும்.

விரும்புவது இப்போது. அப்படியிருக்க ‘கெரீஆ’ என்று இறந்தகாலத்தில் ஏன் சொல்ல வேண்டும்? ஆசிரியர் ‘மரியாதைக்கு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.
— கல்லூரி மாணவி, திருச்சி

பக்கத்து வீட்டுக்குப் போய் ஏணி கேட்கிறீர்கள். வாசலில் நின்று என்ன சொல்வீர்கள்? ‘ஏணி வேண்டும்’ என்றா? ‘அக்கா, ஏணி இருந்தால் வாங்கிப் போகலாம் என்று வந்தேன்.’ இன்னும் வாசலில்தான் நிற்கிறீர்கள். வேண்டியதும் இப்போதுதான். ஆனாலும் ‘வந்தேன்’ என்று முடித்தீர்கள். ஆசை கொஞ்ச நேரத்துக்கு முன்பு என்னிடம் இருந்தது. உங்களுக்கு வசதியில்லை என்றால் அதை அங்கேயே விட்டுவிடுகிறேன் என்று அந்த இறந்தகாலம் சொல்லாமல் சொல்கிறது. ‘கெரீஆ’வும் அதையேதான் செய்கிறது. தொலைபேசியில் ‘யமாவா பாரா பிரெகுன்தார்...’ என்பார்கள். பேசிக்கொண்டே இருக்கும்போதே ‘கேட்பதற்காக அழைத்துக்கொண்டிருந்தேன்’ என்கிறார்கள். ஸ்பெயினில் கடைக்காரரே உங்களிடம் ‘கே தெசேஆவா?’, என்ன வேண்டியிருந்தது, என்று கேட்பார்.

‘கியேரோ’ என்பது ‘வேண்டும்’. பொருளைப் பொறுத்தவரை அது தவறில்லை; விசாரிக்கும் இடத்தில் கொஞ்சம் கனமாக விழும். ‘கெரீஆ’ அன்றாடப் பணிவு. ‘கிசியேரா’ இன்னும் ஒரு படி மேலே. அலுவலகக் கடிதத்துக்கு ஏற்றது. ‘பொத்ரீஆ’ என்றால் ‘முடியுமா’ என்பதன் மெல்லிய வடிவம். நான்கையும் ஒரே வாக்கியத்தில் திணித்துவிடாதீர்கள். ஒன்று போதும்.

இதோடு சேர்த்து ஓர் எழுத்து மாற்றத்தையும் படித்துக்கொள்ளுங்கள். ‘குவாந்தோ புவேதே’ என்பது வழக்கமாக அவரால் முடிகிறபோதெல்லாம். ‘குவாந்தோ புவேதா’ என்பது இனிமேல், எப்போது முடிகிறதோ அப்போது. கடைசி ‘ஏ’, ‘ஆ’ ஆகிறது. நடப்பதைச் சொல்லும் வினையிலிருந்து நடக்கக்கூடியதைச் சொல்லும் வினைக்குத் தாவுகிறோம். நினைவூட்டல் கடிதம் முழுக்க இந்த இரண்டாவது வகை வினைகள்தான் நிறைந்திருக்கும்: ‘பெர்தோனே கே இன்சிஸ்தா’, திரும்பவும் வலியுறுத்துவதற்கு மன்னியுங்கள், ‘அக்ரதெசெரீஆ கே மே கொன்ஃபிர்மாரா’, உறுதிசெய்தால் நன்றியுடையவளாக இருப்பேன். பாடநூல்கள் இந்த வினைவடிவத்தைக் கடைசியில் தள்ளிவைத்திருக்கின்றன. நான் வகுப்பில் மூன்றாவது வாரமே இதைத் தொட்டுவிடுகிறேன். இது இல்லாமல் யாரிடமும் எதையும் மென்மையாகக் கேட்க முடியாது.

செவிலியர் பட்டத்தை ஸ்பெயினில் அங்கீகரிக்க விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறேன். அலுவலகத்துக்கு எழுதினால் ‘தொல்லை கொடுக்கிறாள்’ என்று கோப்பை அடியில் வைத்துவிடுவார்கள் என்று உடன் தங்கியிருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். எழுதலாமா?
— வாசகி, மத்ரீத் (சொந்த ஊர் நாகர்கோவில்)

எழுதுங்கள் அம்மா. இன்றைக்கே எழுதுங்கள்.

ஸ்பெயினில் அரசு நிர்வாக நடைமுறைக்கு 39/2015 என்று எண்ணிட்ட ஒரு பொதுச் சட்டம் இருக்கிறது. அதன் 53-ஆவது பிரிவு, நடைமுறையில் தொடர்புடைய எவரும் தம் கோப்பின் நிலையை எந்த நேரத்திலும் அறிந்துகொள்ள உரிமை உடையவர் என்று சொல்கிறது. ‘எந்த நேரத்திலும்’ என்பது சட்டத்தின் சொல். ஆகவே நீங்கள் தயவு கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் மன்னிப்பு வேண்டியதில்லை, புகழ்ச்சியும் வேண்டியதில்லை. வணிகக் கடிதத்தில் நான் சொன்ன மென்மையில் பாதி இங்கே போதும். அதற்குப் பதில் வேறொன்று வேண்டும்: கோப்பு எண். ‘நூமெரோ தே எக்ஸ்பெதியென்தே’ என்பார்கள். மின்னஞ்சல் தலைப்பிலேயே அதைப் போடுங்கள். அது இல்லாத கடிதத்தை எடுத்துப் பார்க்கவே அந்த மேசையில் இருப்பவருக்கு வழியில்லை.

‘கிசியேரா கொனொசேர் எல் எஸ்தாதோ தே மி எக்ஸ்பெதியென்தே, இ சி ஃபால்தா அல்கூன் தொக்குமென்தோ போர் மி பார்த்தே.’ என் கோப்பின் நிலையையும், என் பக்கத்திலிருந்து ஏதேனும் ஆவணம் குறைகிறதா என்பதையும் அறிய விரும்புகிறேன். இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் குறை இருந்தால் ‘ரெக்கெரிமியென்தோ’ என்று ஓர் அறிவிப்பு அனுப்புவார்கள். அதைச் சரிசெய்யச் சட்டம் தரும் பொதுவான அவகாசம் பத்து வேலை நாட்கள்தான். அந்த அறிவிப்பு பழைய முகவரிக்கோ, திறந்தே பார்க்காத மின்னணுப் பெட்டிக்கோ போயிருக்கலாம். அவர்கள் மௌனமாக இருக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நீங்கள் மௌனமாக இருக்கிறீர்கள் என்று அவர்கள் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கலாம்.

மௌனம் என்றதும் இன்னொன்று. ‘சிலென்சியோ அத்மினிஸ்த்ரத்தீவோ’ என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அலுவலகம் உரிய காலத்துக்குள் முடிவு சொல்லவில்லை என்றால், அந்த மௌனத்துக்கே சட்டத்தில் ஒரு பொருள் உண்டு. சில நடைமுறைகளில் அது சம்மதம், சிலவற்றில் மறுப்பு. அந்தந்த நடைமுறையின் விதி காலக்கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் மூன்று மாதம் என்று பொதுச் சட்டம் வைத்திருக்கிறது. உங்கள் விண்ணப்ப வகைக்குக் காலக்கெடு எவ்வளவு, மௌனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மறுப்பு என்றால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது.

‘உனா பிரெகுன்தா’ (ஒரு கேள்வி) கேட்க வேண்டும் என்பதற்கு ‘பெதீர்’ என்று எழுதினேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இரண்டும் ‘கேட்பது’தானே?
— வாசகர், கோயம்புத்தூர்

சிரித்தவர்கள் சிரித்திருக்க வேண்டாம். தமிழில் ‘கேள்’ என்ற ஒரே வினை எல்லா வேலையும் பார்க்கிறது. வழி கேட்கிறோம், கடன் கேட்கிறோம், பாட்டும் கேட்கிறோம். ஸ்பானியத்தில் அவை தனித்தனி. தகவலை விசாரிப்பது ‘பிரெகுன்தார்’. ஒன்றைத் தரச் சொல்வது ‘பெதீர்’. பாட்டுக்கு ‘எஸ்குச்சார்’. நான் வகுப்பில் சொல்வது இதுதான்: ‘விசாரித்தேன்’ என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் ‘பிரெகுன்தார்’, ‘கேட்டு வாங்கினேன்’ என்று சொல்ல முடிந்தால் ‘பெதீர்’. கேள்வியைக் கேட்டு வாங்க முடியாது. ஆகவே அது ‘அசேர் உனா பிரெகுன்தா’, கேள்வி செய்வது.

‘பெதீர்’ என்பதிலிருந்துதான் ‘பெதீதோ’ வருகிறது. வாணிபத்தில் ஆர்டர் என்கிறோமே, அது. ‘பிரெகுன்தார் போர் எல் பெதீதோ’ என்றால் ஆர்டரைப் பற்றி விசாரிப்பது. ஒரே தொடரில் இரண்டும் வந்துவிட்டன, நினைவில் நிற்கும்.

ஆனால் ‘தெமாந்தார்’ பக்கம் போகவே போகாதீர்கள். ஆங்கிலச் சாயலில் ‘வற்புறுத்திக் கேட்பது’ என்று நினைத்து எழுதுவார்கள். அங்கே அது இன்றைய வழக்கில் பெரும்பாலும் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதையே குறிக்கும்.

பணம் வர வேண்டிய நாள் கடந்து ஒரு மாதம். இதற்கும் ‘கெரீஆ’தானா?
— வாசகர், திருப்பூர்

முதல் வரிக்கு ‘கெரீஆ’. இரண்டாவது வரியில் தெளிவு. ‘லா ஃபக்தூரா வென்சியோ எல் 15 தே அப்ரீல் இ ஆஊன் நோ நோஸ் கோன்ஸ்தா எல் பாகோ.’ பில்லின் கெடு ஏப்ரல் 15-இல் முடிந்தது. பணம் செலுத்தியதாக எங்களிடம் இன்னும் பதிவாகவில்லை. ‘நோ நோஸ் கோன்ஸ்தா’ என்பது அருமையான தொடர். செலுத்தவில்லை என்று சொல்லாது. எங்கள் கணக்கில் காணவில்லை என்று சொல்லும். அவர் செலுத்தியிருந்தால் வங்கிச் சான்றை அனுப்புவார். செலுத்தவில்லை என்றால் அவருக்குத் தெரியும். மென்மை என்ற பெயரில் தொகையையும் தேதியையும் எழுதாமல் விடுவது உங்களிடம் வேலை செய்பவர்களுக்கு இழைக்கும் அநீதி.

எங்கள் மெக்சிகோ குழுவில் ஒரு கோப்பு கேட்டேன். ‘அஓரீத்தா’ என்றார்கள். அகராதியில் ‘இப்போதே’ என்று இருக்கிறது. ஐந்து நாள் ஆயிற்று.
— மென்பொருள் பணியாளர், சென்னை

நம் வீட்டில் ‘இதோ’ என்றால் எவ்வளவு நேரம்? ‘இதோ வந்துவிட்டேன்’ என்று குளியலறையிலிருந்து வரும் குரலை நம்பிக் காரை வெளியே எடுப்பீர்களா? ‘அஓரீத்தா’ அப்படிப்பட்ட சொல். இந்த நொடி என்றும் பொருள், இன்றைக்குள் என்றும் பொருள், உங்களை நான் மறக்கவில்லை என்றும் பொருள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. முகத்துக்கு நேராக ‘இன்று முடியாது’ என்று சொல்லி உங்களை வருத்த மனமில்லை அவருக்கு. நமக்கும் அது தெரிந்த குணம்தானே.

ஆகவே ‘இப்போதே என்றீர்களே’ என்று அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்காதீர்கள். ‘நாதா மாஸ் கெரீஆ சபேர் கோமோ வா லோ தெல் ஆர்சீவோ’, அந்தக் கோப்பு விஷயம் எப்படிப் போகிறது என்று சும்மா தெரிந்துகொள்ள நினைத்தேன். பிறகு ‘பாரா குவாந்தோ கிரேஏ கே எஸ்தரீஆ லீஸ்தோ?’, எப்போதைக்குத் தயாராகும் என்று நினைக்கிறீர்கள்? முடிக்கும்போது ‘கேதோ அல் பெந்தியென்தே’ என்று எழுதினால் மெக்சிகோக்காரருக்கு வீட்டு மொழி போல இருக்கும். காத்திருக்கிறேன், கவனமாக இருக்கிறேன் என்று பொருள்.

இந்த முடிவுத் தொடர் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஸ்பெயினில் ‘கேதோ ஆ லா எஸ்பேரா தே சு ரெஸ்புவெஸ்தா’. கொலம்பியாவில் ‘கேதோ அத்தென்தோ’. எழுதுபவர் பெண் என்றால் ‘அத்தென்தா’. இணையத்தில் கிடைக்கும் மாதிரியை அப்படியே எடுத்து, என் மாணவிகள் பலர் தங்களை ஆணாக்கிக் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். கொலம்பியாவைப் பற்றி இன்னும் ஒன்று: அங்கே ‘கே பேனா கோன் உஸ்தெத்’ என்றால் ‘உங்களைச் சிரமப்படுத்துகிறேன், மன்னியுங்கள்’. ஸ்பெயினில் ‘கே பேனா’ வெறும் ‘ஐயோ பாவம்’தான். கொலம்பியாவில் ஒரு தகவல் வேண்டுமென்றால் ‘மே ரெகாலா...?’, எனக்குப் பரிசாகத் தருவீர்களா, என்றே கேட்கிறார்கள். காபிக்கும் அதே, தொலைபேசி எண்ணுக்கும் அதே. முதன்முதலில் கேட்டபோது நெகிழ்ந்து போனேன்.

பேராசிரியர் ஒருவருக்கு ஆய்வு தொடர்பாக எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதும்போது ‘தூ’வா (நீ), ‘உஸ்தெத்’தா (நீங்கள்)?
— ஆய்வு மாணவர், புதுச்சேரி

‘உஸ்தெத்’. ஸ்பெயினில் பேராசிரியரும் மாணவரும் ‘தூ’ என்று பேசிக்கொள்வது சாதாரணம். ஆனாலும் அவர் உங்களுக்கு ஒரு வரி ‘தூ’ போட்டு எழுதும்வரை நீங்கள் ‘உஸ்தெத்’தில் நில்லுங்கள். எழுதிவிட்டார் என்றால் உடனே மாறிவிடுங்கள். அதற்குப் பிறகும் ‘உஸ்தெத்’தைப் பிடித்துக்கொண்டிருப்பது, நீட்டிய கையை வாங்காமல் நிற்பது போல. கொலம்பியாவின் பொகொத்தாவில் நண்பர்களும் குடும்பத்தாரும்கூட ‘உஸ்தெத்’ சொல்லிக்கொள்வார்கள். அர்ஹென்தீனாவில் ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’. எழுதும் ஊரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘உஸ்தெத்’தோடு வினை ஏன் படர்க்கையில் வருகிறது என்று பலரும் தடுமாறுகிறார்கள். அது ‘வுவெஸ்த்ரா மெர்செத்’, அதாவது ‘தங்கள் அருள்’, என்பது தேய்ந்து வந்த சொல். ஆளிடம் பேசாமல் ஆளின் அருளிடம் பேசினார்கள். அருள் படர்க்கை, ஆகவே வினையும் படர்க்கை. நம் ‘தாங்கள்’ என்பதும் படர்க்கையில் பிறந்த சொல்தான். ‘அவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள்’ என்கிறோம் அல்லவா? நாம் அதை முன்னிலைக்குக் கொண்டுவந்தபோது வினையையும் ‘வந்தீர்கள்’ என்று மாற்றிக்கொண்டோம். அவர்கள் வினையை மாற்றாமல் விட்டுவிட்டார்கள்.

பேராசிரியருக்கான வரி: ‘நோ சே சி ஆ தெனீதோ ஒகசியோன் தே லேஏர் மி கொர்ரேஓ தெல் தீஆ 3.’ 3-ஆம் தேதி எழுதியதைப் படிக்க வாய்ப்பு அமைந்ததா என்று தெரியவில்லை. ‘நோ சே சி’, தெரியவில்லை. ஆம்பூர் வாசகருக்குச் சொன்னதேதான் இங்கேயும்.

எத்தனை நாள் கழித்து மறுபடி கேட்கலாம்?
— வாசகி, மதுரை

வணிகத்தில் ஒரு வாரம், கல்வியில் இரண்டு வாரம். இது என் வழக்கம். ஆனால் நாட்காட்டியைப் பார்க்காமல் எண்ணாதீர்கள். ஆகஸ்டில் ஸ்பெயினில் பல தொழிற்சாலைகள் மூடியிருக்கும். அந்த மாதம் எழுதிய நினைவூட்டல் செப்டம்பர் குவியலில் புதைந்துவிடும். டிசம்பர் 6-உம் 8-உம் விடுமுறை. இடையில் உள்ள நாளையும் சேர்த்துப் ‘புவென்தே’, பாலம், கட்டிவிடுவார்கள். ஜனவரி 6-ஆம் தேதி மூவரசர் திருநாள் முடிந்துதான் ஆண்டு உண்மையில் தொடங்குகிறது. தொலைபேசி என்றால் மணியையும் பாருங்கள். குளிர்காலத்தில் அவர்கள் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை.

எழுதுவது வந்துவிட்டது. தொலைபேசி என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்.
— வாசகர், தஞ்சாவூர்

‘லோ தே’. வாக்கியம்கூட இல்லை, இரண்டே அசை. ‘அந்த விஷயம்’ என்று தமிழில் இழுப்போமே, அதுதான். ‘லோ தெல் பெதீதோ’, அந்த ஆர்டர் விஷயம். ‘லோ தெ மி எக்ஸ்பெதியென்தே’, என் கோப்பு விஷயம். ‘லோ தெல் வியேர்னெஸ்’, வெள்ளிக்கிழமை பேசினோமே அந்த விஷயம். பெயர் நினைவுக்கு வராவிட்டாலும், இலக்கணம் கைவிட்டாலும், ‘லோ தே’ போட்டுத் தெரிந்த ஒரு சொல்லைப் பக்கத்தில் வைத்தால் எதிரில் இருப்பவர் மீதியைப் பிடித்துக்கொள்வார்.

மத்ரீத்துக்கு அழைத்தால் எடுத்தவுடன் ‘தீகா’ அல்லது ‘தீகமே’ என்பார்கள். ‘சொல்லுங்கள்’ என்று பொருள், அதட்டல் இல்லை, பயந்து வைத்துவிடாதீர்கள். மெக்சிகோவில் ‘புவேனோ’ என்பார்கள். நீங்கள் ‘புவேனோஸ் தீஆஸ், யமாவா போர் லோ தெல் பெதீதோ’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். அடுத்து ‘தே பார்த்தே தே கியேன்?’ என்று ஒரு கேள்வி வரும். யார் பேசுவது என்று கேட்கிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நம் பெயர்கள் அவர்களுக்குப் புதிது, ஆகவே இரண்டு முறை, மெதுவாக.